கமேலியால எத்தனை ரகம்தான் இருக்கு? எதை வாங்குறதுன்னு யாராவது சொல்லுங்க

ஹாரோ_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். லண்டன்ல ஹாரோ பக்கம் இருக்கேன், போன வருஷக் கடைசில இந்த வீட்டுக்கு வந்தோம். முன்பக்கம் சன்னலுக்குக் கீழ ஆள் உயரத்துக்கு ஒரு செடி, கரும்பச்சைல தடிச்ச இலை, எண்ணெய் தடவி வெச்ச மாதிரி பளபளப்பு, பனிக்காலத்துலகூட ஒரு இலை கொட்டல. பிப்ரவரி கடைசில பூக்க ஆரம்பிச்சது இன்னும் நிக்கல, உள்ளங்கை அகலத்துக்கு பிங்க் பூ, ரெண்டு மூணு அடுக்கு, நடுவுல மஞ்சள் கேசரம் கொத்தா தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் கமேலியான்னு சொன்னாங்க, எந்தக் கமேலியான்னு கேட்டா அவங்களுக்கும் தெரியல.

இப்ப வீட்டுல இன்னும் ரெண்டு வேணும்னு ஆர்டர் வந்தாச்சு. ஒண்ணு பின்பக்கம் பேட்டியோல தொட்டில வெக்க, இன்னொண்ணு காலை வெயில் படுற கிழக்குப் பாத்த வேலி ஓரமா மண்ணுல. கார்டன் சென்டர் போனா தலை சுத்துது, ஜப்போனிகாங்குறான், சசன்குவாங்குறான், வில்லியம்சியைங்குறான், அதுக்குள்ள டொனேஷன், டெபி, ஆன்டிசிபேஷன், லேடி க்ளேர்னு ஆளாளுக்கு ஒரு பேர், எல்லாம் பாக்க ஒரே மாதிரி இலை, விலை மட்டும் வேற வேற. பூ போட்டோவ பாத்து வாங்கிடலாமா இல்ல வேற ஏதாவது பாக்கணுமா? ஆன்லைன்ல நீலக் கலர் கமேலியா விதை வேற விக்குறாங்க, அது எப்படி?

சர்ரே_செல்வி:

மொதல்ல அந்த நீல விதைய விட்டுருங்க, சுத்த ஏமாத்து. கமேலியால நீலமே கிடையாது, கம்ப்யூட்டர்ல கலர் மாத்துன போட்டோ அது. அதோட கமேலியா விதை போட்டா தாய்ச்செடி மாதிரி பூ வராது, என்ன வரும்னு அது பூக்குற வரைக்கும் யாருக்கும் தெரியாது, அதுக்கே பல வருஷம் ஆகும்.

அடுத்து, பூ போட்டோவ பாத்து வாங்காதீங்க. எந்தக் கூட்டம்னு, அதாவது ஜப்போனிகாவா சசன்குவாவா வில்லியம்சியையான்னு பாத்து வாங்குங்க, பூவெல்லாம் அப்புறம். நம்ம ஊர் குளிருக்கும் தண்ணிக்கும் ஒத்து வர்றதும் வராததும் அதுலதான் இருக்கு.

ஜப்போனிகாதான் பழைய ஆளு, ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி. பேர் வெச்ச ரகம் ஆயிரக்கணக்குல இருக்குன்னா அதுல பெரும்பங்கு இதுதான். ஒத்தை அடுக்குல இருந்து, நடுவுல கேசரமே தெரியாம இதழ் மேல இதழா தாயக்கட்டம் போட்ட மாதிரி வரிசையா அடுக்குன ஃபார்மல் டபுள் வரைக்கும் எல்லா வடிவமும் இதுல உண்டு. குறை என்னன்னா பல ஜப்போனிகாவுக்கு வாடுன பூவ உதிர்க்கத் தெரியாது, பழுப்பா காஞ்சு செடியிலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்கும், நாமதான் போய் கிள்ளணும். வெள்ளை ரகம்னா பாக்கவே சகிக்காது.

வில்லியம்சியை நம்ம இங்கிலாந்துலயே பொறந்தது. சீனாவோட யுனான் பக்கத்துல இருந்து வந்த சாலுவெனென்சிஸ்னு ஒரு காட்டுக் கமேலியாவ, கார்ன்வால்ல கேர்ஹேஸ் கோட்டைல ஜே.சி. வில்லியம்ஸ்னு ஒருத்தர் 1920கள்ல ஜப்போனிகாவோட சேர்த்தார், அவர் பேர்தான் அதுக்கு. நிழல்லயும் மொட்டு வெக்கும், மேகம் மூடிக்கிடக்குற கோடையிலயும் வெக்கும், வாடுன பூ தானா கீழ விழுந்துரும். இந்த நாட்டுல தோட்டம் வெக்க நேரமில்லாதவங்களுக்கு இதைவிட நல்ல செடி நான் பாக்கல. டொனேஷன் இந்தக் கூட்டம்தான், சசெக்ஸ்ல போர்ட் ஹில் தோட்டத்துல வந்தது. நீங்க சொல்ற பிங்க், ரெண்டு மூணு அடுக்கு, நடுவுல மஞ்சள், ரெண்டு மாசம் பூக்குறது எல்லாம் பாத்தா அதுவா இருக்கலாம்னு தோணுது. ஒரு வேலை பண்ணுங்க, செடிக்குக் கீழ பாருங்க. பூ முழுசா கழண்டு தரைல கெடந்தா வில்லியம்சியை பக்கம், செடியிலயே பழுப்பா தொங்குனா ஜப்போனிகா பக்கம். நூத்துக்கு நூறு சரியா வரும்னு இல்ல, ஆனா பெரும்பாலும் சரியா இருக்கும்.

சசன்குவா இலையுதிர் காலத்துல பூக்குறது, அக்டோபர் நவம்பர்ல, லேசா வாசனை கூட வரும். ஆனா வெயில் நல்லா வேணும், தெற்கோ மேற்கோ பாத்த சுவரோரம் இல்லன்னா இங்க பூ கம்மி. ரெட்டிகுலாட்டானு இன்னொண்ணு, சீனால குன்மிங் நகரத்தோட பூவே அதுதான், சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெருசா பூக்கும், ஆசைப்பட்டு வாங்கிராதீங்க, கண்ணாடி வீடு இருக்குறவங்க சமாச்சாரம் அது.

உங்க கிழக்கு வேலிதான் பிரச்சனை. ராத்திரி பனில மொட்டு உறைஞ்சு கெடக்கும், மெதுவா இளகுனா ஒண்ணும் ஆகாது. விடிஞ்சதும் வெயில் நேரா பட்டா சட்டுனு இளகி இதழ் கருகிப் போயிடும், மறுநாள் பாத்தா டீ டிகாக்ஷன் கலர்ல நிக்கும். வடக்கோ மேற்கோ பாத்த எடம் இருந்தா அங்க வைங்க.

தொட்டிக்கு எரிகேஷியஸ் கம்போஸ்ட்தான், அதாவது சுண்ணாம்பு இல்லாத புளிப்பு மண் கலவை, சாதா கம்போஸ்ட் வேண்டாம். குழாய்த் தண்ணி நம்ம பக்கம் எல்லாம் சுண்ணாம்பு, கெட்டில்ல அடியில படியுதுல்ல அதேதான், அதையே ஊத்திக்கிட்டு வந்தா இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். மழைத் தண்ணி பிடிக்க ஒரு பீப்பாய் வாங்கி வைங்க. முக்கியமா ஆகஸ்ட் செப்டம்பர்ல தொட்டி காயவே கூடாது. அப்பதான் அடுத்த வருஷ மொட்டு உருவாகும், அப்ப காய விட்டா பிப்ரவரில மொட்டு மொட்டா கொட்டும், ஆளுங்க என்னடான்னா உரம் பத்தலன்னு நெனச்சு அப்ப போய் உரம் போடுவாங்க.

நேர்ல பாக்கணும்னா சிஸ்விக் ஹவுஸ் போங்க, உங்களுக்கு டியூப்லயே போயிடலாம். 1813ல கட்டுன நீள கண்ணாடி வீடு, உள்ள பூராவும் பழைய கமேலியா. மிடில்மிஸ்ட்ஸ் ரெட்னு ஒண்ணு இருக்கு, ஷெப்பர்ட்ஸ் புஷ்ல நர்சரி வெச்சிருந்த ஜான் மிடில்மிஸ்ட் 1804ல சீனால இருந்து கொண்டுவந்தது, உலகத்துல இப்ப ரெண்டே எடத்துல இருக்குன்னு சொல்றாங்க, இங்க ஒண்ணு, நியூசிலாந்துல வைடாங்கில ஒண்ணு. ரெட்னு பேரு, பூ என்னமோ பிங்க்தான் :)

குன்னூர்_காத்து:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், நான் லண்டன்லாம் இல்லீங்க, நீலகிரில எஸ்டேட் வேலை. ஆனா இது எங்க செடிக்கு அக்கா தங்கச்சிங்க. தேயிலையும் கமேலியாதான், கமேலியா சைனென்சிஸ். அந்தக் காலத்துல தேயிலைய தியான்னு தனியா வெச்சிருந்தாங்க, அப்புறம் பூவைப் பாத்து எல்லாம் ஒண்ணுதான்னு சேத்துட்டாங்க.

தேயிலைப் பூவை நெறைய பேரு பாத்திருக்க மாட்டீங்க. கொழுந்து கிள்ளிக்கிட்டே இருக்குறோம், நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா கவாத்து பண்ணிடறோம், அதனால பூக்க விடறதே இல்லை. விட்டுப்போன தோட்டத்து ஓரமா, இல்ல வேலிக்கு அந்தப்பக்கம் மரமா வளந்து நிக்கும் பாருங்க, அதுல பூ இருக்கும். ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெருசு, வெள்ளை இதழ், தலை கவுந்த மாதிரி கீழ பாத்து இருக்கும், நிமித்திப் பாத்தா நடுவுல மஞ்சள் கேசரம் அள்ளி வெச்ச மாதிரி. உங்க வீட்டு பிங்க் பூவுல நடுவுல இருக்குதுன்னு சொன்னீங்களே, அச்சு அதேதான். காய் பச்சையா மூணு புடைப்பு வெச்சு, காஞ்சதும் வெடிச்சு கோலிகுண்டு மாதிரி விதை விழும்.

நான் சொல்ல வந்தது வேற. ரெண்டு செடி எதுக்குங்க காசு குடுத்து வாங்கறீங்க, ஒண்ணையாவது முன்பக்கச் செடில இருந்தே எடுக்கலாமே. நாங்க நர்சரில நாத்து போடறது ஒத்தை இலைலதான். இந்த வருஷம் வந்த தண்டு, பச்சை மாறி லேசா செவந்து கெட்டியாகற பக்குவத்துல, ஒரு இலை, இலைக் கணுவுல தூங்கற மொட்டு, அதுக்குக் கீழ கொஞ்சம் தண்டு, அவ்ளோதான். இலை மண்ணுல படாம நட்டு, பாலிதீன் மூடி, நிழல்ல வெச்சு, ஈரம் காயாம பாத்துக்கணும். கமேலியாவுக்கும் இதே முறைதான். பூக்க நாளாகும், ஆனா அதே பூ வரும், பேரே தெரியாட்டியும் என்ன.

இன்னொண்ணு, இலை திடீர்னு தடிச்சு ஊதிப்போயி வெளிர் பச்சையா, அப்புறம் மேல வெள்ளையா பூத்த மாதிரி வந்துச்சுன்னா பயந்துக்காதீங்க. எங்களுக்கு மழைக்காலத்துல தேயிலைல கொப்புள நோய் வரும், அதைக் குடுக்கற பூஞ்சையோட சொந்தக்காரன்தான் கமேலியாவுல இதைப் பண்றது. வெள்ளையாகறதுக்கு முன்னாடியே அந்த இலைய கிள்ளி எறிஞ்சிருங்க, மருந்து அடிக்கற அளவுக்கு ஒண்ணும் இல்லீங்க.

பரமட்டா_பொடியன்:

நல்ல திரி. நான் சிட்னில இருந்து. எங்கட பக்கம் பரமட்டாவுக்குக் கிட்ட கமேலியா எண்டே ஒரு இடம் இருக்கு, 1850கள்ல சைலஸ் ஷெதர் எண்டவர் அங்க கமேலியா நர்சரி வச்சிருந்தவர், அதால வந்த பேர். இப்ப போய்ப் பார்த்தா முழுக்க ஃபாக்டரியும் லொறியும்தான், ஒரு பூ இல்லை, அதை விடுங்கோ.

செல்வி அக்கா சசன்குவாவை கொஞ்சம் இறக்கிச் சொல்லிப்போட்டா, அதுக்கு நான் ஒரு சொல்லுச் சொல்ல வேணும். இஞ்ச தெருவுக்குத் தெரு வேலியே சசன்குவாதான், செட்சுகெக்கா வெள்ளை, யூல்டைட் சிவப்பு, வெயில்ல நிக்கும், வெட்ட வெட்ட அடர்த்தியா வரும், பூ முழுசா விழாமல் இதழ் இதழாக் கொட்டும், காலமை கதவைத் திறந்தா வாசல் முழுக்க வெள்ளையாக் கிடக்கும், சரியான வடிவு. லண்டன் வெயிலுக்கு எப்பிடியோ எனக்குத் தெரியாது, சுவர் ஓரம் இருந்தா ஒருக்கா வச்சுப் பாக்கலாம்தானே.

பேர்க் குழப்பம் கேட்டனீங்கள். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. கமேலியா தன்ர பாட்டுக்கு மாறிற செடி. ஒரே மரத்தில ஒரு கொப்பு மட்டும் திடீரெண்டு வேற நிறத்தில பூக்கும், ஸ்போர்ட் எண்டு சொல்லுவினம், அந்தக் கொப்பை வெட்டி ஒட்டினா புது ரகம், புதுப் பேர். இஞ்ச சிட்னிப் பக்கம் கேம்டன் பார்க்கில மக்காதர் குடும்பத்தின்ர தோட்டத்தில விதையில இருந்து வந்தது அஸ்பேசியா மக்காதர், வெள்ளையில அங்கங்க சிவப்புக் கோடு. அதில இருந்து கொப்பு மாறி வந்ததுதான் லேடி லாக், அதில இருந்து கான் கான், அஸ்பேசியாவில இருந்தே மார்கரெட் டேவிஸ், தூய வெள்ளை, விளிம்பில மட்டும் சிவப்பு மை தொட்டு இழுத்த மாதிரி. நான் வச்சிருக்கிறது மார்கரெட் டேவிஸ்தான். ஒரு கொப்பு இடைக்கிடை பழைய ஆச்சி மாதிரியே கோடு போட்டுப் பூக்கும், அதை உடனே வெட்டிப்போட வேணும், விட்டா அது மற்றதை அமத்திப்போடும்.

இன்னொரு கூத்து என்னெண்டா சிவப்பில வெள்ளைத் திட்டுத் திட்டா இருக்கிற கனக்க ரகத்துக்குக் காரணம் வைரஸ். நோய் பிடிச்ச அடிமரத்தில ஒட்டி வேணுமெண்டே திட்டு வர வைக்கிறவை, பேருக்குப் பின்னால வேரிகேட்டட் எண்டு போட்டுக் கூட விலைக்கு விக்கிறவை. செடி சாகாது, கொஞ்சம் மெதுவா வளரும், இலையில மஞ்சள் புள்ளி வரும்.

சிட்னிப் பக்கம் ஆரும் வந்தா கேரிங்பாவில வாட்டர்ஹவுஸ் கமேலியாத் தோட்டம் பாருங்கோ, 1970ல திறந்தது, டிக்கெட் இல்லை.

ஹாரோ_வாசி:

அடேங்கப்பா, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. செல்வி அக்கா, கீழ போய் பாத்தேன், பூ எல்லாம் முழுசா கழண்டு மல்லாக்கக் கெடக்கு, அப்ப வில்லியம்சியை தானா? ஆனா சில பூ விழுறதுக்கு முன்னாடியே பழுப்பாகுது, இது பனியா இல்ல நோயா? குன்னூர் அண்ணே, கட்டிங் ஐடியா சூப்பர், ஜூலைல முயற்சி பண்றேன்.

வீட்டுல இப்ப இந்தத் திரிய படிச்சுட்டு மஞ்சள் கமேலியா இருக்கான்னு கேக்குறாங்க. இருக்கா?

யோகோஹாமா_ராசா:

மஞ்சள் இருக்கு ப்ரோ, நெஜமாவே இருக்கு. நிட்டிடிசிமான்னு பேரு, சீனால குவாங்ஷி, வடக்கு வியட்நாம் காடுகள்ல வளர்றது, மெழுகுல செஞ்ச மாதிரி தங்கக் கலர்ல சின்னப் பூ. ஆனா அது வெப்பமான எடத்துச் செடி, லண்டன் பனி ஒரு வாரம் அடிச்சா முடிஞ்சது. அதை மத்ததோட சேர்த்து கலப்பு பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க, பெரும்பாலும் பழைய வெண்ணெய்க் கலர் வரைக்கும்தான் வருது.

நான் இருக்குறது ஜப்பான்ல. இங்க இது ரெண்டு செடி, சாசாங்கா, சுபாகி, ரெண்டையும் ஒண்ணா பேசவே மாட்டாங்க. அக்டோபர்ல இருந்து தெருவோரம் பூக்குறது சாசாங்கா (உங்க சசன்குவா), அது முடியுறப்ப சுபாகி ஆரம்பிக்கும், அது உங்க ஜப்போனிகா. இங்க பாக்குற சுபாகி பூ, செல்வி அக்கா சொன்ன ஒட்டிக்கிற ரகங்க மாதிரி இல்லாம, அப்படியே முழுசா தொப்புனு விழும், தலை விழுற மாதிரி இருக்குன்னு ஆஸ்பத்திரில நோயாளியப் பாக்கப் போறப்ப கொண்டு போக மாட்டாங்க. அதே நேரம் டீ செரிமனில குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு மொட்டு, பாதி விரிஞ்சது, அதுக்குத்தான் மரியாதை. நம்ம ஊர்ல மாதிரி கட்டி மாலையா போட்டுப் பாக்கணும்னு எனக்கு ஆசை, யாரும் பண்ண மாட்டேங்குறாங்க.

இங்க உள்ளவங்க ரசனையே வேற, அடுக்கு ஜாஸ்தி இருந்தா அழகுன்னு எல்லாம் கிடையாது. குமாமோட்டோவுல ஹிகோன்னு ஒரு வகை, அந்தக் காலத்து சாமுராய்ங்க வளர்த்தது, அஞ்சாறு இதழ் தட்டையா விரிஞ்சிருக்கும், நடுவுல கேசரம் நூறு, இருநூறுன்னு வெடிச்ச மத்தாப்பு மாதிரி பரந்து நிக்கும். மொதல்ல பாத்தா என்னடா இதுன்னுதான் இருக்கும், பாக்கப் பாக்கத்தான் புடிக்கும்.

எனக்குப் புடிச்சது தமாநோஉரா. சின்ன சிவப்பு மணி மாதிரி பூ, ஓரம் பூரா வெள்ளைக் கரை. யாரும் உருவாக்குனது இல்ல, 1947ல நாகசாகி பக்கம் கோட்டோ தீவுக் காட்டுல தானா நின்ன மரம். 1973ல கண்காட்சிக்கு வந்ததும் ஆளாளுக்குப் போய் கிளை வெட்டி, வேரைத் தோண்டி, கடைசில அந்தத் தாய் மரம் செத்தே போச்சு. ஆனா அதோட பிள்ளைங்க இப்ப உலகம் முழுக்க இருக்கு, கலிபோர்னியாவுல நுச்சியோஸ் நர்சரி அதுல இருந்து தமா பீகாக், தமா வினோன்னு ஒரு வரிசையே எடுத்தாங்க. லண்டன்ல கெடச்சா அதை வாங்குங்க, தொட்டிக்கு அளவான செடி.

ஒரு எச்சரிக்கை, ஜப்பானுக்கு யாராவது வந்தா மட்டும். மே ஜூன்லயும் ஆகஸ்ட் கடைசிலயும் கமேலியா இலைக்கு அடில சாதோகுகான்னு கம்பளிப்பூச்சி வரிசையா தலைய ஒட்டி உக்காந்திருக்கும், தொட வேணாம், பக்கத்துல போனாலே அந்த முடி காத்துல பறந்து வந்து கை பூரா தடிப்பு, ரெண்டு வாரம் சொறிஞ்சுக்கிட்டே இருக்கணும். கவாத்து பண்ண ஆள் கூப்பிட்டா இதுக்குத் தனி ரேட் கேக்குறாங்க.

சர்ரே_செல்வி:

ராசா தம்பி, உங்க மத்தாப்பு நல்லா இருக்கு. பொடியன் தம்பி, சசன்குவாவ நான் திட்டல, எங்க வீட்டுத் தெற்குச் சுவர்ல ஒண்ணு இருக்கு, நல்ல கோடை அமைஞ்ச வருஷம் பூக்கும், அமையலன்னா நாலு பூவோட முடிச்சுக்கும். அவர் கேக்குறது கிழக்கு வேலிக்கு, அதான் சொன்னேன்.

ஹாரோ தம்பி, பழுப்பு பத்தி. இதழ் ஓரத்துல இருந்து காஞ்சு வந்தா பனியோ காத்தோ. இதழ்ல நடுவுல சின்ன புள்ளியா ஆரம்பிச்சு, நரம்பு மட்டும் இன்னும் கருப்பா தெரியுற மாதிரி பரவி, ரெண்டு மூணு நாள்ல பூவே கூழானா அது பெட்டல் ப்ளைட், இந்த நாட்டுக்கு 1999ல வந்த பூஞ்சை. சந்தேகம் இருந்தா விழுந்த பூவ எடுத்து, பின்பக்கம் பச்சையா செதில் மாதிரி இருக்கும்ல, அதைப் பிரிச்சு இதழோட அடிய பாருங்க. அங்க வெள்ளையா சாம்பலா வளையம் கட்டியிருந்தா அதேதான். அப்படி இருந்தா விழுந்த பூ ஒண்ணு விடாம பொறுக்கி குப்பைத் தொட்டில போடுங்க, கம்போஸ்ட்ல போடாதீங்க. விட்டா கருப்பா கட்டி மாதிரி மண்ணுலயே வருஷக்கணக்குல கெடந்து ஒவ்வொரு வசந்தத்துக்கும் கிளம்பி வரும். செடிக்கு ஒண்ணும் ஆகாது, பூவை மட்டும்தான் கெடுக்கும்.

மஞ்சள் வேணும்னா ஜூரிஸ் யெல்லோ இருக்கு, நியூசிலாந்துல வந்த வில்லியம்சியை. வெளி இதழ் வெள்ளை, நடுவுல குட்டி குட்டியா சுருண்ட இதழ் இளமஞ்சள். லேபிள் போட்டோல இருக்குற மஞ்சள் நேர்ல இருக்காதுன்னு இப்பவே வீட்டுல சொல்லி வெச்சிடுங்க. தொட்டிலயும் நல்லா இருக்கும்.

அப்புறம் அந்தக் காலத்து வெள்ளை அல்பா ப்ளீனான்னு ஒண்ணு, இப்பவும் விக்குது, 1792ல கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்ல சீனால இருந்து இங்க வந்தது. அந்தக் கப்பல் பேரு கர்நாட்டிக். படிச்சப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு. மழைல சீக்கிரம் பழுப்பாகும், அதனால உங்களுக்கு வேண்டாம், சும்மா சொன்னேன்.

ஹாரோ_வாசி:

பிரிச்சுப் பாத்தேன் அக்கா, வளையம் இல்ல, ஓரம்தான் காஞ்சிருக்கு, அப்ப பனிதான். முன்பக்கமும் பாதி கிழக்கு பாத்துத்தான் இருக்கு, இப்ப புரியுது.

முடிவு இதான்: தொட்டிக்கு ஜூரிஸ் யெல்லோ, கெடச்சா தமா பீகாக்கும் பாக்குறேன். கிழக்கு வேலிக்கு கமேலியா வேணாம், அங்க வேற ஏதாவது. பக்கவாட்டுல வடக்கு பாத்த சந்து ஒண்ணு இருக்கு, குப்பைத் தொட்டிய உருட்டிட்டுப் போற வழி, மூணடி அகலம், அங்க குன்னூர் அண்ணன் சொன்ன கட்டிங் வேர் பிடிச்சா நடலாமா, இல்ல சந்துக்கு ரொம்பப் பெருசாயிடுமா?

குன்னூர்_காத்து:

தாராளமா நடுங்க. பூ முடிஞ்ச கையோட வருஷா வருஷம் கவாத்து பண்ணிட்டே இருந்தா எந்த சந்துலயும் நிக்கும். பூ முடிஞ்சதும்தானுங்க, ஆடி ஆவணில போய் வெட்டிடாதீங்க, மொட்டெல்லாம் கத்திரியோட போயிடும்.